தட்சிணமேருவின் நிழல்

திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், சாலைக் கடைத்தெருவை அடுத்து, கிள்ளியாற்றின் அருகே அமைந்திருக்கிறது வலியசாலை. நெடிய தெருக்கள், ஒன்றோடொன்று சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் ஓட்டு வீடுகள், வாசலில் கோலம். மலையாள நாட்டின் தலைநகரில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் குடும்பங்களின் தெரு இது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நானும் இத்தெருவில் குடியிருப்பவன். பகலெல்லாம் சுற்றறிக்கைகளை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுவது என் தொழில். கல்லூரியில் நான் பயின்றது கலைப்பாடம். கணிதத்தோடு எனக்கிருந்த உறவு பள்ளியிறுதி வகுப்போடு முடிந்துவிட்டது.

முடிந்துவிட்டதாகத்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பள்ளியிலிருந்து வந்ததும் திண்ணையில் புத்தகப் பையை வைத்துவிட்டு முகம் வாடி அமர்ந்தான். அன்று வகுப்பில் வடிவ கணிதப் பாடம். பிரமிடின் உயரத்தையும் சாயுயரத்தையும் காணும் முறை. ஆசிரியர் நிழலைக் கொண்டு உயரத்தை அளக்கலாம் என்று விளக்கியிருக்கிறார். இவன் எழுந்து, “தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது, அதனை இம்முறையில் அளக்க இயலாது” என்று சொல்லியிருக்கிறான். வகுப்பு சிரித்துவிட்டது. “கல்லால் கட்டிய கட்டடத்திற்கு நிழல் எப்படி இல்லாமற் போகும்?” என்று பக்கத்துப் பையன் கேட்டதற்கு இவனால் விடை கூற முடியவில்லை.

“நீங்கள்தானே அப்பா சொன்னீர்கள்?” என்றான்.

ஆம், நான்தான் சொன்னேன். என் தந்தையார் எனக்குச் சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் பலரும் தம் பிள்ளைகளுக்கு இதனைப் பெருமையுடன் சொல்லி வருகின்றனர். அந்தப் பெருமை ஒரு சிறுவனின் வகுப்பறையில், ஒரே ஒரு கேள்வியின் முன்னே, நிற்க முடியாமல் சரிந்துவிட்டது. அன்றிரவு நான் அவனுடைய கணிதப் புத்தகத்தைக் கையில் எடுத்தேன். அதன் பயனாக நான் அறிந்துகொண்டவற்றையே இங்குக் கூற விரும்புகிறேன்.

சாலையும் விமானமும்

வலியசாலைக்கும் தஞ்சைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ‘வலிய’ என்னும் மலையாளச் சொல்லுக்குப் பெரிய என்று பொருள். எங்கள் தெருவின் மகாதேவர் கோயிலைக் காந்தளூர்க் கோயில் என்றும் வழங்குகிறார்கள். பழங்காலத்தில் புகழ்பெற்றிருந்த காந்தளூர்ச் சாலை என்னும் கல்விநிலையம் இவ்விடத்தில்தான் இருந்தது என்பது ஆராய்ச்சியாளருள் ஒரு சாராரின் கருத்து. விழிஞத்தின் பக்கம் என்றும் வேறிடம் என்றும் கூறுவோரும் உளர்.

அச்சாலையின் சிறப்பை அறிய ஒரு செப்பேடு துணை செய்கிறது. கி.பி. 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கோயிலையும், 95 மாணவர்க்கான ஒரு சாலையையும் நிறுவினான். அது காந்தளூர்ச் சாலையின் முறையைப் பின்பற்ற வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. மற்றொரு சாலைக்கு முன்மாதிரியாக நிற்கத்தக்க பெருமை அப்போதே காந்தளூருக்கு இருந்தது என்பது இதனால் விளங்கும்.

985ஆம் ஆண்டில் அரியணை ஏறிய முதலாம் இராசராச சோழன், தன் ஆட்சியின் தொடக்கக் காலத்திலேயே காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்த’ செய்தியைத் தன் மெய்க்கீர்த்தியில் முதன்மையாக இடம்பெறச் செய்தான். கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, அங்கு நடந்தது கடற்போரா, சாலையின் நிருவாகத்தைத் திருத்தியமைத்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும் காந்தளூரின் பெயரைத் தன் புகழோடு பிணைத்துக்கொண்ட அதே மன்னன்தான் தஞ்சையில் இராசராசேச்சரத்தை எழுப்பியவன். தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில், அதாவது 1010ஆம் ஆண்டில், விமானத்தின் உச்சியில் வைப்பதற்குச் செப்புக் குடம் அளித்தான். அக்குடத்தின் நிறை 3,083 பலம் என்றும், அதற்குப் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு என்றும் கல்வெட்டு கூறுகிறது. அரைக் கழஞ்சையும் விடாமல் எழுதிவைத்த மன்னன் அவன். அவன் கட்டிய விமானத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மட்டும் கணக்கை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொள்வது முறையாகுமா?

தொட முடியாத கோடு

பிரமிடு ஒன்றன் அடி சதுரம் என்று கொள்வோம். நான்கு பக்கங்களிலிருந்தும் முக்கோண முகங்கள் எழுந்து ஒரு முனையில் கூடுகின்றன. அடிப்பக்கம் ஒன்றன் நடுவிலிருந்து முகத்தின் மேலாகவே உச்சிவரை ஒரு கயிற்றை இழுத்தால் அதன் நீளம் சாயுயரம். உச்சியிலிருந்து நேர் கீழே, அடிச்சதுரத்தின் நடுப்புள்ளிக்கு இறங்கும் கோடு உயரம். சாயுயரத்தைக் கயிறு போட்டு அளக்கலாம். அது வெளியே இருக்கிறது. உயரமோ கட்டடத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது; கையால் தொட முடியாது.

தொட முடிந்ததைக் கொண்டு தொட முடியாததை அறிவதே இப்பாடத்தின் சாரம். உயரம், அடிப்பக்கத்தில் பாதி, சாயுயரம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணமாக அமைகின்றன. அடிப்பக்கம் 10 முழம், சாயுயரம் 13 முழம் என்றால், 13இன் வர்க்கமாகிய 169இலிருந்து 5இன் வர்க்கமாகிய 25ஐக் கழிக்க 144. அதன் வர்க்கமூலம் 12. உயரம் 12 முழம். வேள்விக்குண்டம் அமைப்பதற்காகச் சுல்ப சூத்திரம் இயற்றிய போதாயனர் முதலியோர் அறிந்திருந்த அதே முக்கோண விதிதான் இது.

எகிப்தியர் இதனை வேறு வகையில் கையாண்டனர். ஏறத்தாழ கி.மு. 1550இல் படியெடுக்கப்பட்ட ரைண்ட் பாப்பிரஸ் என்னும் ஏட்டில் ஒரு கணக்கு உண்டு. அடிப்பக்கம் 360 முழம், உயரம் 250 முழம் கொண்ட பிரமிடின் சாய்வு என்ன? ஒரு முழம் மேலே ஏறும்போது முகம் எத்தனை கையகலம் உள்ளே ஒதுங்க வேண்டும் என்பதே அவர்களுடைய சாய்வுக் கணக்கு. ஒரு முழத்திற்கு ஏழு கையகலம். விடை ஐந்தும் இருபத்தைந்தில் ஒரு பங்கும். கல்லைச் செதுக்கும் தொழிலாளிக்கு வேண்டியது இந்த எண்தான். இதைக் கொண்டு அவன் ஒவ்வொரு வரிசையையும் சரியாக ஒதுக்கி வைப்பான்.

கீசாவின் பெரிய பிரமிடுக்கு அடிப்பக்கம் ஏறத்தாழ 230 மீட்டர். கட்டி முடித்தபோது உயரம் ஏறத்தாழ 147 மீட்டர். கணக்கிட்டால் சாயுயரம் 186 மீட்டருக்கு மேல் வருகிறது. உயரத்திற்கும் சாயுயரத்திற்கும் 40 மீட்டர் வேறுபாடு. தஞ்சை விமானத்தின் அடிப்பக்கமோ ஏறத்தாழ 30 மீட்டர். உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அடியின் விளிம்பு நடுவிலிருந்து உச்சிவரை ஒரு நேர்கோட்டை நினைத்துக்கொண்டால் அதன் நீளம் 62 மீட்டரை எட்டாது. உயரத்தைவிட இரண்டு மீட்டர்கூட மிகுதியில்லை. அத்துணைச் செங்குத்தாக எழுகிறது நம் விமானம். எகிப்தியர் கல்மலை குவித்தனர். சோழர் சிற்பிகள் சிறிய அடியின்மேல் அகலத்தின் இருமடங்கு உயரத்தை நிறுத்தினர். அந்த விமானம் உள்ளே கூடானது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கீழிரண்டு தளங்கள் நேர்ச்சுவராக நிற்க, அவற்றின்மேல் பதின்மூன்று நிலைகள் படிப்படியாகக் குறுகிச் சென்று, எண்பட்டைச் சிகரத்தைத் தாங்குகின்றன. ஆகவே அது புத்தகத்துப் பிரமிடு அன்று. உச்சி கொய்து சிகரம் சூட்டிய பிரமிடு எனலாம்.

நிழல் சொன்ன விடை

இனி நிழலுக்கு வருவோம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேலீஸ், எகிப்தியப் பிரமிடின் உயரத்தை நிழலால் அளந்தார் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. ஒருவனுடைய நிழல் அவன் உயரத்துக்குச் சமமாகும் நேரத்தில் பிரமிடின் நிழலும் அதன் உயரத்துக்குச் சமமாகும். நம் நாட்டிலும் சங்கு என்னும் குச்சியை நட்டு, அதன் நிழலைக் கொண்டு பொழுதும் உயரமும் கணிக்கும் முறையை ஆரியபடர் முதலியோர் விளக்கியுள்ளனர்.

தூணின் நிழலை அளப்பது எளிது. பிரமிடின் நிழலை அளப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தூணின் அடி நம் கண்முன் உள்ளது. பிரமிடின் உச்சிக்கு நேர்கீழான புள்ளி கட்டடத்தின் உள்ளே மறைந்திருக்கிறது. தரையில் காணும் நிழலோடு, கட்டடம் மறைத்திருக்கும் பாதி அகலத்தையும் கூட்ட வேண்டும். என் மகன் முதலில் இடறியது இங்கேதான், நானும் இடறினேன்.

தஞ்சைக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். டிசம்பர் மாதம் 21ஆம் நாளையொட்டி, நண்பகலில், தஞ்சையில் கதிரவன் தென்வானில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில் நிற்கும். அந்நேரத்தில் ஒரு மீட்டர்க் குச்சியின் நிழல் 68 சென்டிமீட்டர். 60 மீட்டர் உயரமுள்ள விமானத்தின் உச்சி நிழல் நடுப்புள்ளியிலிருந்து வடக்கே 41 மீட்டர் தொலைவில் விழும். அதில் 15 மீட்டர் விமானத்தின் அடியே மறைத்துக்கொள்ளும். எஞ்சிய 26 மீட்டர் திருமுற்றத்தில் கிடக்கும். இந்த 26ஐ மட்டும் கொண்டு கணக்கிட்டால் உயரம் 38 மீட்டர் என்று பிழையாக வரும். மறைந்திருக்கும் 15ஐக் கூட்டினால்தான் 60 மீட்டர் கிடைக்கும்.

அப்படியானால் நிழல் விழாது என்ற கதை எவ்வாறு பிறந்தது? இதற்கும் அதே முக்கோணம் விடை தருகிறது. பாதியடி 15, உயரம் 60 என்னும் கணக்கில் விமானத்தின் சாய்வு ஏறத்தாழ 76 பாகை. கதிரவன் அதனினும் உயர்ந்து நின்றால், உச்சியின் நிழல் முற்றத்தை எட்டாது. விமானத்தின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சை பூமத்திய ரேகையிலிருந்து பதினொரு பாகைக்கும் குறைவான வடக்கில் உள்ளது. ஆகவே மார்ச் மாத நடுப்பகுதி முதல் செப்டம்பர் இறுதி வரை, நண்பகலில், கதிரவன் 76 பாகைக்கு மேலேதான் நிற்கும். ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட நாள்களில், நண்பகலில் முற்றத்தில் நின்று பார்ப்பவன் சிகரத்தின் நிழலைத் தரையில் காண மாட்டான். சுவரையொட்டிய சிறு நிழலையே காண்பான். கோடை விடுமுறையில் வந்து பார்த்துச் சென்றவர் தாம் கண்டதையே சொல்லியிருக்கக்கூடும். ‘அந்நேரத்தில்’ என்ற சொல் வாய்வழியே வரும்போது உதிர்ந்து, ‘எந்நேரத்திலும்’ என்றாகிவிட்டது போலும். சொற்களை இடம் மாற்றுவதே தொழிலாகக் கொண்ட எனக்கு, ஒரு சொல் உதிர்ந்தால் என்ன நேரும் என்பது தெரியும்.

இதனைப் போன்றதே மற்றொரு கூற்று. விமானத்தின் உயரம் 216 அடி. தமிழின் உயிர்மெய் எழுத்துகளும் 216. ஆகவே மன்னன் எழுத்தை எண்ணி விமானம் எழுப்பினான் என்பர். பன்னிரண்டு அங்குலம் கொண்ட இன்றைய அடி ஆங்கிலேயர் கொணர்ந்த அளவை. இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் திருமேனிகளின் உயரத்தை முழத்தாலும் விரலாலும் குறிக்கின்றன. மேலும் விமானத்தின் உயரத்தை 60 மீட்டர் என்றும், 63 மீட்டர் என்றும், 66 மீட்டர் என்றும் வெவ்வேறு நூல்கள் தருகின்றன. 216 அடி என்பது அவற்றுள் மிகுதியான கணக்கு. பின்வந்தோர் அளந்த எண்ணை முன்னோன் நினைத்த எண்ணாகக் கொள்ளலாகாது.

பெரியோர் பிழையும் திருத்தமும்

கதையைத் திருத்தினால் பெருமை குறையுமோ என்று அஞ்சுவோர்க்கு நம் கணித வரலாறே ஆறுதல் கூறும். 499ஆம் ஆண்டையொட்டி ஆரியபடீயம் இயற்றிய ஆரியபடர், முக்கோண அடிகொண்ட பிரமிடின் கன அளவு, அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி என்று எழுதினார். முக்கோணத்தின் பரப்பு, அடியையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதியாக இருப்பதால் கனவடிவிற்கும் அவ்வாறே என்று கொண்டார் போலும். உண்மையில் அது மூன்றில் ஒரு பங்கு. 628இல் பிரமகுப்தர் சரியான விதியைத் தந்தார். கூரிய முனையுடைய அவ்வடிவைச் ‘சூசி’, அதாவது ஊசி, என்று அவர் குறிப்பிட்டார்.

அடுத்த ஆண்டாகிய 629இல் ஆரியபடீயத்திற்கு உரை வரைந்த முதலாம் பாஸ்கரர் கன அளவில் ஆரியபடரின் விதியையே பின்பற்றினார். ஆயினும் உயரத்தைக் காண்பதில் அவர் காட்டிய வழி முற்றிலும் சரியானது. எல்லா விளிம்பும் 12 ஆகவுள்ள முக்கோணப் பிரமிடை அவர் எடுத்துக்கொண்டார். முகத்தின் சாயுயரம் 108இன் வர்க்கமூலம். அடியின் நடுப்புள்ளியிலிருந்து முனைக்குள்ள தொலைவு 48இன் வர்க்கமூலம். 144இலிருந்து 48ஐக் கழிக்க, உயரம் 96இன் வர்க்கமூலம். இன்று பள்ளியில் செய்யும் கணக்கு இதுவேதான். ஒரே உரையில் ஓர் எண் சரியாகவும் மற்றோர் எண் பிழையாகவும் நிற்கின்றன. அதனால் பாஸ்கரரின் பெருமை குன்றவில்லை. ஆரியபடரின் ஒளியும் மங்கவில்லை.

அந்த ஆரியபடீயத்திற்கு, 1444இல் கேரளத்தின் திருக்கண்டியூரில் பிறந்த நீலகண்ட சோமயாஜி, காரணம் காட்டி விளக்கும் விரிவான பாஷ்யம் எழுதினார். அது அச்சேறியது எங்கள் திருவனந்தபுரத்தில். முதற்பகுதி வெளிவந்த ஆண்டு 1930. அதனை வெளியிட்ட திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல் வரிசையை 1905இல் தொடங்கி வைத்தவர் மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார். அவர் பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கத்துத் தருவை. தென்னாட்டுக் கோயிற்கட்டடக் கலைக்கு ஆதாரமான மயமதத்தையும் அவரே 1919இல் பதிப்பித்தார். ஊர் விட்டு வந்த ஒரு தமிழர், ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களை மறைக்காமல், விமானம் எழுப்பும் இலக்கணத்தை உலகறியச் செய்தார். வெளிமாநிலத் தமிழர்க்கு இதனினும் நல்ல முன்மாதிரி வேறு வேண்டா.

தஞ்சை விமானம் பிறர் அளவைக்கும் துணை நின்றதுண்டு. 1802இல் சென்னையில் நிலவளவைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயிற் கோபுரங்களின் மேலேறிக் கோணம் அளந்தார். 1808இல் தஞ்சை விமானத்தின்மேல், அரை டன் நிறையுள்ள தியோடலைட் கருவியைக் கயிற்றால் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் வேலையைக் கைவிடவில்லை. ஏறத்தாழ ஆறு வாரம் உழைத்து அதனைச் சீர்செய்து அளவையைத் தொடர்ந்தார்.

முற்றத்தில் கண்டது

சென்ற டிசம்பர் விடுமுறையில் மகனை அழைத்துக்கொண்டு தஞ்சைக்குச் சென்றேன். நண்பகலில் வடக்குத் திருமுற்றத்தில் நின்றோம். சண்டிகேசுவரர் சந்நிதிப் பக்கமாக, கல் பாவிய தரையின்மேல், விமானத்தின் நிழல் அகன்று கிடந்தது. என் மகன் நடந்துபோய்ச் சிகரத்தின் நிழல் விழுந்த இடத்தில் நின்றான். சிறிது நேரம் நிமிர்ந்து உச்சியைப் பார்த்தான். பிறகு, “இதைக் கட்டியவர்களுக்கு இந்த நடுப்புள்ளி எங்கே இருக்கிறது என்பது கடைசிக் கல் வரை தெரிந்திருக்க வேண்டும் அல்லவா, அப்பா?” என்றான்.

நிழல் விழாது என்று நம்பியிருந்த காலத்தில் அவன் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அதிசயம் என்று சொல்லி முடித்துவிட்டால் கேட்பதற்கு என்ன இருக்கிறது? சிறிய அடியின்மேல், கூடான கல்லடுக்கை, நடுப்புள்ளி பிறழாமல் 60 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுசென்ற சிற்பிகளின் கணக்கறிவே உண்மையான அதிசயம். அதனை நம் பிள்ளைகள் எந்த மாநிலத்து வகுப்பறையிலும் எழுந்து நின்று சொல்லலாம்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் அன்பர்கள் அடுத்த விடுமுறையில் தஞ்சைக்குச் சென்றால், பிள்ளைகளின் கையில் ஒரு மீட்டர்க் குச்சியும் ஒரு நூல்கயிறும் கொடுத்து அனுப்புங்கள். மார்கழி நண்பகல் நல்ல நேரம். நிழலை அளந்ததும் பாதி அகலத்தைக் கூட்ட மட்டும் மறக்க வேண்டா.